1974 நார்ட்டன் கமாண்டோ 850 பைக்: மூணு வாரம் நின்னதுல ஆயில் டேங்க் காலி

மூணு வாரம் நின்ன வண்டியில ஆயில் டேங்க் காலியா இருக்கு, ஊத்தி ஸ்டார்ட் பண்ணலாமான்னு கேட்டிருக்கீங்க. இப்பவே ஆயில் ஊத்தாதீங்க. தரையில ஒரு சொட்டு கூட இல்லன்னு நீங்களே சொல்றீங்க, அப்ப ஆயில் எங்கயும் போகல, இஞ்சினுக்கு அடியில கிராங்க்கேஸ்ல இறங்கி உக்காந்திருக்கு. இதுக்கு மேல டேங்க்ல ஊத்தி ஸ்டார்ட் பண்ணா ப்ரீதர் (இஞ்சின் உள்காத்து வெளியேறுற குழாய்) வழியா கக்கும், சைலன்சர்ல புகை மூட்டம், கிராங்க் சீல் தாண்டி ப்ரைமரிக்குள்ள (இஞ்சினையும் கிளட்ச்சையும் இணைக்கிற செயின் இருக்கற பெட்டி) போனா கிளட்ச்சும் வழுக்கும்.

பெரும்பாலும் ஆயில் பம்ப் தேய்மானம்தான். இது கியர் பம்ப், டேங்க் அதுக்கு மேல இருக்கறதால வண்டி நின்னா பல்சக்கரத்து பக்கவாட்டு இடைவெளி வழியா மெதுவா கசியும். இந்த தொல்லைக்காகவே இதே வண்டியோட 1975 மார்க் 3 மாடல்ல டைமிங் கவர்க்குள்ள (இஞ்சின் பக்கவாட்டு மூடி) ஒரு தடுப்பு வால்வே வச்சாங்க, உங்களுது அதுக்கு ஒரு வருஷம் முந்தினது, பாவம்.

1. அடி ட்ரெய்ன் பிளக்கைக் கழட்டி சுத்தமான பாத்திரத்துல பிடிச்சு அளந்து பாருங்க. மொத்த கொள்ளளவே 2.8 லிட்டர்தான், கிட்டத்தட்ட கணக்கு வந்துட்டா சந்தேகமே இல்ல.
2. அடியில இருந்ததை வடிச்ச பிறகுதான் டேங்க்ல ஊத்தி ஸ்டார்ட் பண்ணி டேங்க் மூடியத் திறந்து பாருங்க, ரிட்டர்ன் பைப்ல (இஞ்சின்லேர்ந்து டேங்குக்கு ஆயில் திரும்பி வர்ற பைப்) ஆயில் துப்பணும். துப்பலன்னா உடனே ஆஃப்.

இனிமே லெவல் பாக்கறது ஓட்டி நிறுத்தின சூட்டோட மட்டும்.

ஆயில் பைப்ல தனியா வால்வு மாட்டலாம்னு யாராவது சொல்வாங்க, அது சிக்கிக்கிட்டாலோ கையால திறந்து மூடற வால்வா இருந்து திறக்க மறந்தாலோ இஞ்சின் ஜாம்தான், நான் மாட்ட மாட்டேன், பம்பைக் கழட்டி சரி பண்றதே மேல்.