இரண்டாம் வாரத்து வாடகை – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

என் தங்கை அமெரிக்காவில் ஒரு சிறு நகரத்தில் குடும்பத்தோடு இருக்கிறாள். அந்த ஊர்க்காரர்கள் நாடகம், இசை, நடனம் நடத்தப் பொதுவாக ஓர் அரங்கம் கட்ட ஆசைப்படுகிறார்கள். கட்டடத்துக்குப் பணம் கேட்டிருந்தால் எனக்குப் புரியும். நிதி திரட்ட ஓர் ஆலோசகரை வைத்துக்கொள்ள நகராட்சி உதவவேண்டும் என்று விண்ணப்பித்திருக்கிறார்களாம். மன்றத்தில் விவாதம் நடக்கிறது. தங்கையின் மகள் பரதம் ஆடுகிறாள் என்பதால் தங்கையும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். நன்கொடை கேட்பதற்கே வரிப்பணமா? எனக்கு இது சரியாகப் படவில்லை.

இன்னொன்றும் கேட்கவேண்டும். நான் சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கிறேன். மாதம் தவறாமல் நகர மன்றத்துக்குப் பணம் கட்டுகிறேன். இத்தனை ஆண்டுகளாக இங்கே தமிழ் நாடகம் நடக்கிறது, ஆனால் நமக்கென்று ஓர் அரங்கம் இல்லை. சீனர்களுக்கு அழகான கலாசார மையம் இருக்கிறது. தங்கை ஊரில் பேசுவதுபோல நம் நகர மன்றங்களும் இதைப் பேசினால் என்ன? நீங்கள் எழுதினால் நாலு பேர் கவனிப்பார்கள்.

ர., ஈசூன்

அன்புள்ள ர.,

உங்கள் தங்கை கையெழுத்துப் போட்டது சரி என்றே நினைக்கிறேன். நகராட்சி அந்தப் பணத்தைக் கொடுக்கவேண்டும். ஒரு கேள்விக்குப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு கொடுக்கவேண்டும்.

அந்த நாட்டில் இந்த மாதிரிக் கட்டடங்களுக்குப் பணம் சேரும் விதம் நாம் நினைப்பதுபோல் இல்லை. உண்டியலும் விருந்தும் கடைசியில்தான் வரும். முதலில் ஆலோசகர் ஊரில் வசதியுள்ள குடும்பங்கள், கடைக்காரர்கள், அறக்கட்டளைகள் என்று ஒவ்வொருவரையும் தனியாகப் பார்ப்பார். இப்படி ஓர் அரங்கம் வந்தால் எவ்வளவு தருவீர்கள் என்று கேட்பார். அந்தப் பதில்களைக் கூட்டினால் ஊர் தாங்கக்கூடிய தொகை தெரிந்துவிடும். பிறகு இலக்கில் பாதியாவது வாக்குறுதியாக வந்து சேரும்வரை வெளியே அறிவிக்காமல் வேலை நடக்கும். அதற்கப்புறம்தான் ஊர் முழுக்கக் கேட்பது, இருக்கைக்குப் பெயர் வைப்பதெல்லாம்.

ஆக, இப்போது அவர்கள் கேட்பது மொத்தச் செலவில் ஒரு சிறு பங்கு. "உங்கள் ஊரால் இது முடியாது" என்று ஆலோசகர் சொன்னாலும் அந்தப் பணம் வீணில்லை. பாதிச் சுவரோடு நிற்கும் ஒரு கட்டடத்தை அது தடுத்திருக்கும். கூலியை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். திரட்டும் தொகையில் இத்தனை சதவீதம் என்று பேசக்கூடாது, வேலைக்கு இவ்வளவு என்று நிலையாக இருக்கவேண்டும். அமெரிக்காவில் நிதி திரட்டுவோருக்கான சங்கத்தின் நெறிமுறையே சதவீதக் கூலியைத் தடுக்கிறது. நம் ஊரிலும் இதற்கு வரம்பு உண்டு. நிதி திரட்ட ஆகும் செலவு, திரட்டிய தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது.

சரி, அந்தக் கேள்வி. திறப்பு விழா முடிந்த அடுத்த ஆண்டிலிருந்து மின்கட்டணம், விளக்குப் பலகையில் உட்காரும் தொழில்நுட்பர், காப்புறுதி, பதினைந்து ஆண்டு கழித்துக் கூரை, இவற்றுக்கெல்லாம் யார் பணம்? இதற்குப் பதில் இல்லாத விண்ணப்பமாக இருந்தால் நான் அந்த மன்றத்தில் எதிர்த்து வாக்களிப்பேன்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல இங்கேயே காரணம் இருக்கிறது. ஃபோர்ட் கேனிங் குன்றின் சரிவில் தேசிய அரங்கம் என்று ஒன்று இருந்தது. உங்கள் வயது எனக்குத் தெரியாது, பார்த்திருந்தாலும் பார்த்திருப்பீர்கள். ஒரு செங்கல்லுக்கு ஒரு வெள்ளி என்று மக்களிடம் கேட்டார்கள். கொடுத்தார்கள். அரசாங்கமும் போட்டது. 1963 ஆகஸ்டில் திறந்தார்கள். மூவாயிரத்துக்கும் அதிகமான இருக்கைகள், முகப்பில் ஐந்து கூரிய மடிப்புகள், பக்கச் சுவர்களே இல்லாமல் முன்னால் நீண்டு நிற்கும் கூரை. ஆரம்ப கால தேசிய தினப் பேரணி உரைகள் அங்கேதான் நடந்தன. பட்டமளிப்பு விழாக்கள் நடந்தன. பிற்பாடு கூரையின் கட்டமைப்பில் பிரச்சினை என்றார்கள், அருகில் விரைவுச்சாலைக்குச் சுரங்கப் பாதையும் வரவேண்டியிருந்தது. 1984-ல் மூடி 1986-ல் இடித்துவிட்டார்கள். செங்கல்லுக்கு வெள்ளி கொடுத்தவர்களில் பலர் அப்போது உயிரோடு இருந்திருப்பார்கள். இன்று அங்கே ஒரு நினைவுக் குறி மட்டும் இருக்கிறது.

அந்த அரங்கம் வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் நம்மவர்களிடமும் ஒருவர் ஒரு வெள்ளி கேட்டார். தமிழ் முரசு நாளிதழை நடத்திய கோ. சாரங்கபாணி. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை வரப்போகிறது, அதில் சமஸ்கிருதத்துக்கு முதலிடம் தரலாம் என்று பரிந்துரை இருந்தது. தமிழ்தான் வேண்டும் என்று அவர் பத்திரிகையில் எழுதி, கூட்டம் போட்டு, "தமிழ் எங்கள் உயிர்" என்ற பெயரில் தலைக்கு ஒரு வெள்ளி கேட்டார். தோட்டத் தொழிலாளிகள், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள் கொடுத்த பணம் அது. பல்கலைக்கழக நூலகத்துக்குத் தமிழ்ப் புத்தகம் வாங்கப் போனது. 1956-ல் துறை தொடங்கியது. கோலாலம்பூரில் அந்தத் துறை இன்றும் இருக்கிறது.

இரண்டும் ஒரு வெள்ளிதான். ஒன்று கட்டடத்தை வாங்கியது, மற்றொன்று தொடர்ந்து நடக்கும் ஒரு வேலையை வாங்கியது. தேசிய அரங்கத்தைக் குறைத்துச் சொல்வதாக நினைக்காதீர்கள். அது நிமிர்ந்து நின்ற காலத்தில் ஒரு புதிய நாட்டுக்கு அது தேவைப்பட்டது. ஆனால் நன்கொடை கேட்க வருகிறவர்கள் இன்னமும் கட்டடத்தைக் காட்டித்தான் கேட்கிறார்கள், கொடுக்கிறவர்களும் கல்வெட்டில் பெயர் தெரியவேண்டும் என்றுதான் கொடுக்கிறார்கள். இது மாறவேண்டும் என்பதுதான் உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்.

முதலில் நகர மன்றம். உங்கள் தங்கை ஊரில் இருக்கும் மன்றமும் உங்கள் புளோக்கைக் கூட்டிப் பெருக்கும் மன்றமும் வேறு வேறு. 1988-ல் வந்த சட்டத்தின்படி நம் நகர மன்றத்தின் வேலை வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) பேட்டைகளின் பொது இடங்களைப் பராமரிப்பது: மின்தூக்கி, தாழ்வார விளக்கு, குப்பை, சாயம் பூசுவது. நீங்கள் கட்டும் சேவை, பராமரிப்புக் கட்டணம் அதற்குத்தான். ஒரு காலத்தில் சிங்கப்பூருக்கும் நகர சபை இருந்தது. 1951-ல் மாநகரத் தகுதி கிடைத்தபோது தண்ணீர், மின்சாரம், எரிவாயு எல்லாம் அதன் கையில். 1963-ல் அந்த வேலைகள் பொதுப் பயனீட்டுக் கழகத்துக்குப் போயின. இன்று கலைக்குப் பணம் வேண்டுமென்றால் தட்டவேண்டிய கதவு தேசியக் கலைகள் மன்றமும் கலாசார, சமூக, இளையர்துறை அமைச்சும்தான்.

அடுத்தது நமக்கென்று ஓர் அரங்கம். எனக்கு இதில் உடன்பாடில்லை. இப்படிச் சொன்னால் நாடகக் குழுக்களில் இருக்கும் நண்பர்கள் சிலர் வருத்தப்படுவார்கள், ஆனாலும் சொல்லவேண்டும். சீனக் கலாசார மையம் 2017-ல் திறந்தது, அரங்கில் 530 இருக்கைகள். அதன் பின்னால் குலமரபுச் சங்கங்களின் சம்மேளனம் இருக்கிறது, அரசாங்கப் பணமும் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக மக்கள்தொகையில் முக்கால் பங்கினர் இருக்கிறார்கள். நம் கணக்கைப் பாருங்கள். 300 இருக்கை அரங்கம் ஒன்றை வாரத்துக்கு நான்கு இரவு திறந்தால் ஆண்டுக்கு 62,400 இருக்கைகளை நிரப்பவேண்டும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுகிறவர்கள் 2.5 விழுக்காடு, ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். பத்து ஆண்டுக்கு முன் அது 3.3 விழுக்காடு. ஐந்து வயதுப் பிள்ளை முதல் படுக்கையில் இருக்கும் பாட்டி வரை எல்லாரையும் சேர்த்த எண்ணிக்கை இது. அந்த அரங்கம் இரண்டே ஆண்டில் திருமண வரவேற்புக்கு வாடகைக்குப் போகும்.

அரங்கங்கள் இந்த ஊரில் இருக்கின்றன. எஸ்பிளனேட் இருக்கிறது, அதில் 2022-ல் திறந்த 550 இருக்கை அரங்கமும் சேர்ந்திருக்கிறது. அதற்கு நன்கொடை தந்த சிங்டெல்லின் பெயரையே வைத்திருக்கிறார்கள். விக்டோரியா இருக்கிறது, நூலகக் கட்டடத்தில் டிராமா சென்டர் இருக்கிறது, வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஸ்டாம்ஃபர்ட் கலை நிலையம், தெம்பனிஸ் ஹப்பில் ஓர் அரங்கம். நமக்கு இல்லாதது வேறு.

ஒரு தமிழ் நாடகத்தின் ஒத்திகைக்குப் போய்ப் பாருங்கள். சமூக மன்றத்தில் ஓர் அறை. வேலை முடிந்து நேராக வருகிறவர்கள் ஏழரைக்கு மேல் ஒவ்வொருவராக வந்து சேர்வார்கள், கையில் பொட்டலம் கட்டின நாசி லெமாக். யாராவது ஒருவர் முட்டி போட்டுத் தரையில் வெள்ளை டேப் ஒட்டுவார். இது வாசல், இது சன்னல், இங்கே இரண்டு படி. நடிகர் இல்லாத படியில் காலைத் தூக்கி ஏறுவார். பத்து மணிக்கு அறையைக் காலி செய்யவேண்டும். போகும்போது டேப்பை உரித்துவிட்டுப் போகவேண்டும், ஏனென்றால் காலையில் அங்கே யோகா வகுப்பு. அடுத்த வாரம் அந்த அறை கிடைக்காது. கிடைத்த வேறொரு அறையில் வாசலுக்கும் சன்னலுக்கும் நடுவே தூண் நிற்கும்.

அப்புறம் காட்சி வாரம். நடிகர்கள் உண்மையான மேடையில் கால் வைப்பதே அப்போதுதான். விளக்கு கட்ட ஒரு நாள், ஒலி ஒளி ஒத்திகைக்கு ஒரு நாள். பார்வையாளர் ஒருவரும் வராத இந்த நாள்களுக்கும் வாடகை உண்டு. வெள்ளி இரவு முதல் காட்சி, சனிக்கிழமை இரண்டு, ஞாயிறு பிற்பகல் ஒன்று. ஞாயிறு இரவே செட்டைப் பிரித்து லாரியில் ஏற்றியாகவேண்டும். திங்கட்கிழமை அலுவலகத்தில் ஒருவர் "நாடகம் நல்லா இருந்துச்சு" என்று சொல்ல, பக்கத்து மேசைக்காரர் டிக்கெட் தேடினால் நாடகமே இல்லை. மாதக்கணக்கில் உழைத்தது நான்கு காட்சியோடு போயிற்று. எந்த நாடகமும் முதல் வாரத்தில் உறவினர்களாலும் நண்பர்களாலும் நிரம்பும். யாரென்றே தெரியாத மனிதர், வாய்வழியாகக் கேள்விப்பட்டு வருவது இரண்டாம் வாரத்தில்தான். அந்த இரண்டாம் வாரத்தைத் தமிழ் நாடகம் இங்கே அனேகமாகக் கண்டதில்லை.

நிதி திரட்டுவதென்றால் இதற்குத் திரட்டுங்கள் என்கிறேன். இரண்டாம் வாரத்து வாடகைக்கு. டேப்பை உரிக்கவேண்டாத ஒரு நிரந்தர ஒத்திகை அறைக்கு. அரசாங்கத்தின் பங்கு இங்கே ஏற்கெனவே நல்லபடியாக இருக்கிறது, நாம்தான் சரியாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. 2013-ல் 200 மில்லியன் வெள்ளியோடு கல்சுரல் மேட்சிங் ஃபண்ட் வந்தது. கலை, மரபுடைமை அறநிறுவனத்துக்கு ஒருவர் 500 வெள்ளி ரொக்கமாகக் கொடுத்தால், நிபந்தனைக்கு உட்பட்டு, அரசாங்கமும் 500 போடும். வரிக்கழிவுத் தகுதியுள்ள அமைப்பாக இருந்தால் கொடுத்தவருக்கு இரண்டரை மடங்கு கழிவும் உண்டு. அரசாங்கத்தின் பங்கைப் பெற முதலில் பதிவுபெற்ற அறநிறுவனமாக இருக்கவேண்டும். சிக்கலும் அங்கேதான். ஐந்தாறு பேர் சேர்ந்து சொந்தப் பணத்தில் நடத்தும் குழுவால் அந்தப் பதிவையும், அதற்குரிய நிர்வாகக் குழுவையும், தணிக்கையையும் தாங்க முடியாது. தனித்தனியாக முடியாதது சேர்ந்தால் முடியும். மூன்று நான்கு குழுக்கள் ஒரே அறநிறுவனத்தின் கீழ் வந்து, ஒரே கணக்காளரை வைத்துக்கொண்டு, காட்சி நாள்களைப் பங்கிட்டுக்கொள்ளலாம். யார் பெயர் முதலில் வரும் என்ற சண்டை வரும். வரட்டும், பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.

சிராங்கூன் சாலை வணிகர்களிடம் நான் கேட்பது இது. விழா மலருக்கு முழுப்பக்க வாழ்த்து விளம்பரம் கொடுக்கிறீர்கள். விழா முடிந்ததும் அந்த மலரை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. அதே தொகையை இப்படிக் கொடுத்தால் அது இரட்டிப்பாகும். "இந்த நாடகத்தின் இரண்டாம் வாரம் இன்னாருடைய உதவியால்" என்று காட்சிக்கு முன் சொல்வார்கள். கேட்பவர்கள் உங்கள் கடைக்கு வருகிற மனிதர்கள்தான்.

உங்களிடமும் ஒன்று. 18 வயது நிரம்பிய சிங்கப்பூரர் ஒவ்வொருவருக்கும் 2025-ல் 100 வெள்ளி எஸ்ஜி கல்ச்சர் பாஸ் கிடைத்திருக்கிறது. 2028 டிசம்பர் இறுதி வரை தகுதிபெற்ற உள்ளூர்க் கலை நிகழ்ச்சிகளுக்குப் பயன்படுத்தலாம். உங்கள் வீட்டில் எத்தனை பேரிடம் அது அப்படியே கிடக்கிறது என்று பாருங்கள். அடுத்து வரும் தமிழ் நாடகத்துக்கு எல்லாரும் போங்கள். வெள்ளிக்கிழமைக் காட்சிக்கே போய்விடுங்கள், பிடித்திருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்கள் புளோக்கில் நாலு பேரிடம் சொல்ல நேரம் இருக்கும்.