'இசக்கியம்மாள்' என்ற பெயரை இந்தக் காலத்துப் பிள்ளைக்கு வைக்கலாமா?

பிறந்து பத்து நாளான மகளுக்கு இசக்கியம்மாள் என்று பெயர் வைக்கச் சொல்லி மாமியார் பிடிவாதம் பிடிக்கிறார், பெயர் ரொம்பப் பழசாக இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

செய்வார்கள். அதை மறைத்துப் பேச எனக்கு மனசு வரவில்லை. என் பெயரே இசக்கியம்மாள்தான். ஊரில் எசக்கி.

நீங்கள் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கிறீர்கள், பிறந்த வீடு தெற்கே இல்லை, கணவர் இரண்டு பக்கமும் பேச முடியாமல் வாயை மூடிக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். எங்கள் பக்கம் பிறந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, குமரி என்று எந்த ஊர்ப் பள்ளியில் போய் 'எசக்கி' என்று கூப்பிட்டாலும் இரண்டு தலையாவது திரும்பும். இசக்கிமுத்து, இசக்கிராஜா, இசக்கிப்பாண்டி என்று ஆண்களுக்கும் உண்டு. என் வகுப்பில் மட்டும் நாங்கள் மூன்று எசக்கிகள். பிளஸ் டூ முடிக்கும்வரை பெயருக்காக யாரும் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை.

சென்னையில் கல்லூரியில் முதல் நாள் வருகைப்பதிவு எடுத்தவர் என் பெயரில் வந்து நின்றார். இரண்டு தடவை எழுத்துக்கூட்டிவிட்டு, "இது பேய்ப் பெயர் இல்லையாம்மா?" என்றார். வகுப்பே சிரித்தது. அன்று ராத்திரியே விடுதியில் மோகினி என்று பட்டப்பெயர் விழுந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்த இடத்தில், கூப்பிட வசதியாக ஈஷா என்று வைத்துக்கொள்ளலாமா என்று மேலாளர் கேட்டார். சரி என்றேன். அடையாள அட்டை, மின்னஞ்சல் எல்லாவற்றிலும் ஈஷா. ஒன்பது வருடம் அப்படியே ஓடியது.

அப்புறம் ஒரு நாள் அம்மா சொல்லாமல் கொள்ளாமல் பொதிகையில் ஏறி வந்துவிட்டாள். தாம்பரத்தில் இறங்கி, நான் எப்போதோ எழுதிக் கொடுத்திருந்த முகவரியைக் காட்டி, ஆட்டோ பிடித்து நேரே அலுவலக வாசலுக்கு வந்திருக்கிறாள். கைப்பேசியில் சார்ஜ் இல்லை. காவலுக்கு இருந்த பையனிடம் என் பெயரைச் சொல்லியிருக்கிறாள். அவன் கணினியில் தேடிவிட்டு அப்படி யாரும் இங்கே இல்லை என்றிருக்கிறான். பதினொன்றரைக்கு நான் டீ குடிக்க வெளியே வந்தபோது, எதிரே தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒயர்க்கூடையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். கூடைக்குள் நார்த்தங்காய் ஊறுகாய், ஒரு தாளில் மடித்த கோயில் மஞ்சணை.

"ஏட்டி, அப்படி ஒருத்தி இங்க வேல பாக்கலன்னு சொல்லுதான் அந்தப் பையன். நான் எடம் மாறி வந்துட்டேனோன்னு பயந்துட்டேன்."

கழுத்தில் தொங்கிய அட்டையைச் சட்டென்று துப்பட்டாவுக்குள் தள்ளினேன். அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. தெரிந்தும் தள்ளினேன்.

எனக்கு முன்னால் அவளுக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. ஆரல்வாய்மொழியைத் தாண்டி, காற்றாலைகளுக்கு நடுவே இருக்கிற முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலில் நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளை நான். நான் பிறந்ததும் அங்கே போய் அம்மனுக்குச் சிவப்புச் சேலை சாத்தி, மண்ணில் செய்த பிள்ளை உருவத்தைக் கொண்டுவைத்தார்கள். அந்தப் பெயரைத்தான் நான் ஒன்பது வருடம் ஒளித்து வைத்திருந்தேன். அந்த வாரமே அட்டையை மாற்ற எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பேய்ப் பெயர் என்கிறவர்களுக்குச் சொல்கிறேன். யட்சி என்கிற பெண் தெய்வத்தைக் குறிக்கும் இயக்கி என்ற சொல்தான் மக்கள் வாயில் இசக்கி ஆனது. மதுரைக்கு வெளியே இயக்கிக்குப் பால் படைத்துவிட்டுத் திரும்புகிற மாதரியிடம்தான் கவுந்தியடிகள் கண்ணகியை ஒப்படைக்கிறார், சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது. மார்த்தாண்டம் பக்கம் சிதறால் மலைக்குப் போனால், சமணர் காலத்து இயக்கி பிள்ளைகளோடும் சிங்கத்தோடும் பாறையில் நிற்பதைப் பார்க்கலாம். எங்கள் ஊர் வில்லுப்பாட்டில் அவள் ஏமாற்றிக் கொல்லப்பட்ட பெண். கள்ளிக்கொப்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கொன்றவனைத் தேடி வருகிறாள். உக்கிரமான தெய்வம்தான், ஊரில் பயப்படவும் செய்வார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பிள்ளை வரம் கேட்கிறவர்களும் அவளிடம்தான் போகிறார்கள்.

மூடநம்பிக்கை பரப்புகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அம்மா ஆஸ்பத்திரிக்கும் போனாள், ஊசியும் போட்டுக்கொண்டாள். இந்தப் பெயரை வைத்து என் சாதியைக் கண்டுபிடிக்கப் பார்ப்பவர்களும் விட்டுவிடுங்கள், தெற்கே பல சாதிக்காரர்களும் வைக்கிற பெயர் இது. புதுப்பெயர் வைப்பவர்களையும் நான் குறை சொல்லவில்லை. என் தங்கை மகளுக்குப் புதுப்பெயர்தான், அவள் என் உயிர்.

உண்மையில் கேலியைவிட என்னைப் பாடாய்ப்படுத்தியது ஆங்கில எழுத்து. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் என் பெயர் 'ஈ'யில் தொடங்கும், ஆதாரில் 'ஐ'யில். ஒன்றில் ஒரு 'எம்', இன்னொன்றில் இரண்டு. பழைய கம்பெனியின் பி.எஃப். பணத்தை எடுக்கப் போனால் பெயர் பொருந்தவில்லை என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். தமிழில் என் பெயரை எழுத ஒரே வழிதான் இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை, எப்போதோ எவரோ தட்டச்சு செய்த ஆங்கிலத்தைத்தான் நான் என்கிறார்கள். இதில் அப்பாவின் இனிஷியலைக் குடும்பப்பெயர் கட்டத்தில் விரித்து எழுதச் சொல்லும் படிவங்கள் வேறு. எங்கள் வீட்டில் யாருக்கும் குடும்பப்பெயரே கிடையாது! நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

சரி, உங்கள் விஷயம். பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள். பெயரைப் பிறகு சேர்க்கலாம், 12 மாதம் வரை கட்டணம் கிடையாது. அதற்குள் ஒரு நாள் மாமியாரிடம் உட்கார்ந்து இந்தப் பெயர் ஏன் என்று கேளுங்கள். அவருக்கும் தங்காமல் போன பிள்ளை இருந்திருக்கலாம், வீட்டில் யாரும் அதைப் பேசாமலே இருந்திருக்கலாம். இசக்கியம்மாள் என்றே முடிவானால் ஆங்கிலத்தில் 'ஐ'யில் தொடங்குங்கள். இரண்டு 'கே', இரண்டு 'எம்'. எல்லாச் சான்றிதழிலும் அதையே கொடுங்கள்.