வெசூவியஸ் புதைத்த சுவர்கள்: கேள்வி பதில்

கி.பி. 79இல் இத்தாலியின் வெசூவியஸ் எரிமலை புதைத்த ரோமானிய ஊர்களைப் பற்றியும் அவற்றின் ஓவியங்களைப் பற்றியும் வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: எப்போதும் பொம்பெயி பெயரே அடிபடுகிறது. வேறு ஊர்கள் புதையவில்லையா?

புதைந்தன. ஹெர்குலேனியம், ஸ்டாபியே, ஓப்லோண்டிஸ் ஆகியவையும் அன்று போயின. இயற்கை வரலாறு எழுதிய மூத்த பிளினி, கடற்படைத் தளபதியாக மக்களை மீட்கக் கப்பலெடுத்துப் போய் ஸ்டாபியேவில்தான் உயிரை விட்டார். பொம்பெயி மீது முதலில் நுரைக்கல் மழையாகக் கொட்டிக் கூரைகளை நொறுக்கியது. பிறகுதான் கொதிக்கும் சாம்பலும் வாயுவும் வந்தன. ஹெர்குலேனியத்தை எரிமலைப் பொருள் 20 மீட்டர் ஆழம்வரை மூடி இறுகிவிட்டது. அங்கே மரம் மக்கவில்லை, கரியாகி நின்றது. கதவு, கட்டில், குழந்தையின் தொட்டில்கூடக் கிடைத்தன. ஓவியம் பார்க்க பொம்பெயி, வீட்டுச் சாமான் பார்க்க ஹெர்குலேனியம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எரிமலை வெடித்தது ஆகஸ்ட் 24ஆ, அக்டோபரா?

நான் அக்டோபர் கட்சி. ஆகஸ்ட் என்பது மூத்த பிளினியின் சகோதரி மகனான இளைய பிளினியின் கடிதத்தைப் பார்த்து எழுதிய பிற்காலப் படிகளிலிருந்து வந்தது. 2018இல் ஒரு வீட்டுச் சுவரில் அக்டோபர் 17க்கு நிகரான தேதியோடு கரிக்கட்டி எழுத்து ஒன்று அகப்பட்டது. அதில் ஆண்டு இல்லை என்பது உண்மை. ஆனால் கரியில் கிறுக்கியது ஓர் ஆண்டுக்கு மேல் அழியாமல் இருந்திருக்கும் என்று நம்புவது கடினம்.

கேள்வி: ஐயா, நான் சுவர் விளம்பரம் எழுதுபவன். எங்கள் வேலை இரண்டு மழைக்காலம் தாங்குவதில்லை. அந்த ஓவியங்களின் நிறம் 1,900 ஆண்டுகளுக்கு மேல் எப்படி நின்றது?

பாதி புகழ் சாம்பலுக்கு. வெயில், மழை இரண்டையும் அது அண்டவிடவில்லை. மீதிப் புகழ் கொத்தனாருக்கு. சுண்ணாம்புச் சாந்து ஈரமாக இருக்கும்போதே நிறப்பொடியை நீரில் குழைத்துத் தீட்டினார்கள். சாந்து காயும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு சுண்ணாம்புக்கல்லாகவே இறுகுகிறது. நிறத்துகள்கள் அதற்குள் சிக்கிவிடுகின்றன. அதாவது நிறம் சுவரின் மேல் இல்லை, சுவருக்குள் இருக்கிறது. மணல் கலந்த பூச்சு மூன்று, பளிங்குப்பொடி கலந்தது மூன்று என்று கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் விதி சொல்கிறார். நடைமுறையில் பெரும்பாலான வீடுகளில் அத்தனை பூச்சு கிடையாது. எந்தக் காலத்திலும் ஒப்பந்தக்காரர் ஒப்பந்தக்காரர்தானே!

வேலை நடந்த விதத்தைக் கண்ணால் பார்க்கவே ஒரு வீடு இருக்கிறது. ‘வேலை செய்யும் ஓவியர்களின் வீடு’ என்றே அதற்குப் பெயர். எரிமலை வெடித்தபோது அங்கே ஓர் அறையில் ஓவிய வேலை நடந்துகொண்டிருந்தது. சுவரின் மேல்பகுதி முடிந்திருக்கிறது. நடுவே சில கட்டங்களில் நிறம் ஏறியிருக்கிறது, சிலவற்றில் காவியால் போட்ட மாதிரிக் கோடு மட்டும். அடிப்பகுதி வெறுமை. நிறக் கிண்ணங்களை அப்படியே போட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். மேலிருந்து கீழே வந்ததன் காரணம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: சொட்டு விழுந்தால் முடித்த வேலை கெடும். வேறு பல வீடுகளில் ஈரச் சாந்தில் நூலை இழுத்துத் தெறித்த தடம்கூடத் தெரிகிறது. பக்கவாட்டிலிருந்து விளக்கடித்துப் பார்த்தால் நூலின் முறுக்கே பதிந்திருக்கும்.

கூலியைப் பற்றியும் கேட்பீர்கள். பொம்பெயிக்கு வெகுகாலம் பிந்தி, 301இல் பேரரசர் டயோக்ளீஷியன் போட்ட கூலிக் கட்டளையில் சுவர் ஓவியருக்கு நாளொன்றுக்கு 75 தினாரி என்ற ரோமானிய நாணயம், உருவம் தீட்டுபவருக்கு 150. ஒரே சாரத்தில் இரண்டு தரம்.

கேள்வி: ‘பொம்பெயி சிவப்பு’ என்று பெயின்ட் கடைகளில்கூட விற்கிறார்களே, அந்தச் சிவப்பு உண்மையா?

ஓரளவுக்குத்தான். மஞ்சள் காவியைச் சூடாக்கினால் நீரை இழந்து சிவப்பாகும். எரிமலைச் சூட்டில் பல மஞ்சள் சுவர்கள் இப்படிச் சிவந்துபோயின. ஆக அந்த ஊர் இன்று தெரிவதைவிட மஞ்சளாக இருந்தது. உண்மையான விலையுயர்ந்த சிவப்பு ஸ்பெயினிலிருந்து வந்த சாதிலிங்கம் என்ற பாதரசக் கனிமம். வெயில் பட்டால் அது கறுத்துவிடும். ஃபேபெரியஸ் என்ற எழுத்தர் ரோமில் தன் வீட்டு முற்றத்தையெல்லாம் அதில் பூசி, முப்பதே நாளில் நாசமானதை விட்ருவியஸ் உள்ளூர மகிழ்ந்து எழுதியது போலத்தான் எனக்குப் படுகிறது.

கேள்வி: தேர்வுக்கு பொம்பெயி சுவர் ஓவியத்தின் நான்கு பாணிகளை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது. எளிய வழி உண்டா?

தம்பி, மனப்பாடம் வேண்டாம், ‘சுவர் என்னவாக நடிக்கிறது?’ என்று கேள். முதல் பாணியில் அது பளிங்காக நடிக்கிறது. இரண்டாவதில் சுவரே இல்லை என்று நடிக்கிறது: தூண்கள், அதற்கப்பால் தெரு, தோட்டம். மூன்றாவதில் நடிப்பு ஓய்ந்து, தட்டையான நிறப்பரப்பின் நடுவே மாட்டிவைத்த படம்போல ஒரு சிறு காட்சி. நான்காவது எல்லாவற்றையும் கலந்தடிக்கிறது. 62இல் நிலநடுக்கம் வந்து ஊர் மராமத்தில் இருந்ததால் கடைசிப் பாணியே அதிகம். இந்தப் பிரிவினை 1882இல் ஔகுஸ்ட் மௌ என்ற ஜெர்மானியர் செய்தது. ரோமானியருக்கு இது தெரியாது என்பதையும் விடைத்தாளில் எழுது.

கேள்வி: எரிமலை மனிதர்களைக் கல்லாக்கியதா?

இல்லை. உடல் மக்கிய இடத்தில் சாம்பலுக்குள் வெற்றிடம் இருந்தது. 1863இல் ஜுசெப்பே ஃபியொரெல்லி அதில் பாரிஸ் சாந்தை ஊற்றி வார்ப்பெடுத்தார்.

கேள்வி: பொம்பெயியில் லட்சுமி சிலை கிடைத்தது, அது தமிழ்நாட்டிலிருந்து போனது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?

முதல் பாதி உண்மை, அதுவும் முழுதாக அல்ல. 1938இல் சுமார் 25 செ.மீ. உயரத் தந்தச் சிலை ஒன்று கிடைத்தது. இந்திய வேலைப்பாடு என்பதில் ஐயமில்லை. ஆனால் அவள் லட்சுமியைவிட யட்சியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். உச்சந்தலையில் துளை இருப்பதால் ஏதோ சாமானின் கைப்பிடியாகவோ காலாகவோ இருந்திருக்கலாம். அடியில் உள்ள கரோஷ்டி என்ற பழைய எழுத்து இந்தியாவின் வடமேற்கைக் காட்டுகிறது. இதே சாயலில் உள்ள சிற்பங்கள் மகாராஷ்டிரத்தில் கிடைத்திருக்கின்றன. தமிழகத்துக்குப் பெருமை வேண்டுமென்றால் மிளகு இருக்கிறது. சேரநாட்டு முசிறியிலிருந்து அது கப்பல் கப்பலாகப் போனது. இந்தியா ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் என்ற ரோமானியப் பணத்தை உறிஞ்சுகிறது என்று புலம்பியவர், மேலே சொன்ன அதே மூத்த பிளினி.

கேள்வி: வீடுகளில் ஓவியம் இருந்த இடம் சதுரம் சதுரமாக வெறுமையாக இருக்கிறதே?

அது எரிமலை செய்ததல்ல. 1738இல் ஹெர்குலேனியத்திலும் 1748இல் பொம்பெயியிலும் தோண்டத் தொடங்கியபோது நேப்பிள்ஸை ஆண்ட போர்பன் வம்ச அரசருக்கு வேண்டியது அருங்காட்சியகப் பொருள். நடுவில் இருந்த உருவத்தை அறுத்தெடுத்து, சுற்றியிருந்த அலங்காரத்தை விட்டுவிட்டார்கள். வேண்டாமென்று ஒதுக்கிய சிலவற்றை உடைத்தும் போட்டார்கள். 1762இல் ஜெர்மானியக் கலை வரலாற்றாளர் விங்கெல்மன் இந்த அகழ்வை வெளிப்படையாகவே திட்டி எழுதினார். அறையோடு சேர்த்துப் பார்க்க வேண்டியதைச் சட்டம் போட்ட படமாக்கியது எனக்கு இன்றும் ஆறவில்லை. அப்படி எடுத்தவற்றின் அச்சுப்படங்கள் 1757 முதல் தொகுதிகளாக வெளிவந்தன. ஐரோப்பாவின் மாளிகைச் சுவர்களிலும் பீங்கானிலும் அந்த உருவங்கள் பரவின.

கேள்வி: அடுத்த ஆண்டு மனைவியோடு போகிறேன். இரண்டு நாள்தான் இருக்கிறது.

முதல் நாள் நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம். அலெக்சாண்டர் மொசைக்கை அங்கே தேடுங்கள். ‘ஃபான் வீட்டின்’ தரையில் இருந்தது, பத்து லட்சத்துக்கு மேல் சில்லுகள். கீழே விழுந்த பாரசீக வீரன் ஒருவன் தன் முகத்தைத் தானே கேடயத்தில் பார்க்கிறான், அதை விடாதீர்கள். மறுநாள் பொம்பெயி: வெட்டி (Vettii) என்ற குடும்பப் பெயர் கொண்டவர்களின் வீடு, பிறகு மதிலுக்கு வெளியே மர்மங்களின் மாளிகை. அங்கே ஓவியங்கள் அறையிலேயே இருக்கின்றன. செவ்வாய்க்கிழமை நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. அதைப் பார்த்து டிக்கெட் எடுங்கள்.