பத்தாண்டுகூட உழைக்காத சிறு கருவிக்கு நிரல் எழுதும்போது 2038-க்குப் பிந்தைய தேதிகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா?

நீங்கள் வேலைக்குப் புதியவர் என்றும், "அதுவரை இந்தப் பெட்டி இருக்காது" என்று மேலாளர் உங்கள் வாயை அடைத்திருக்கிறார் என்றும் எடுத்துக்கொள்கிறேன். நானும் அப்படிப் பேசியவன்தான்.

2018 ஜனவரி 20 அன்று, தேவகோட்டையில் வீட்டுக்கடன் கொடுக்கும் அலுவலகம் ஒன்றில், நான் நிரல் எழுதிய ரசீதுப் பெட்டி, 20 ஆண்டுக் கடனின் கடைசித் தவணைத் தேதியை 14-12-1901 என்று அச்சிட்டது. கடன் வாங்க வந்த செட்டியார் அதைப் பார்த்துவிட்டு, "எங்கள் ஐயா பிறப்பதற்கு முன்பே நான் கடனை அடைத்துவிட்டேனா, தம்பி?" என்று கேட்டார். தேதியை, 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய நொடிகளாக, எதிர்மறையும் கொள்ளும் (குறியுள்ள) 32 பிட் எண்ணில் வைத்திருந்தேன். அது 2038 ஜனவரி 19 அன்று நம் நேரப்படி காலை 8:44:07-க்கு 214,74,83,647 என்ற உச்சத்தைத் தொட்டு, அடுத்த நொடியில் எதிர்மறையாகி 1901-க்குப் போய்விடும். பெட்டிக்கு அப்போது வயது மூன்றுதான். அது கணக்கிட்ட தேதிதான் 20 ஆண்டு தள்ளி இருந்தது.

வெட்கத்தைச் சொல்லிவிடுகிறேன். அன்றிரவே அந்த எண்ணை எதிர்மறையே இல்லாத, குறியற்ற எண்ணாக மாற்றி, 2106 வரை பயமில்லை என்று தூங்கப் போனேன். மறுவாரம், ஜாமீன் கையெழுத்துப் போட வந்த, 1948-இல் பிறந்த ஆச்சியின் பிறந்த ஆண்டை அதே பெட்டி 2084 என்றது. 1970-க்கு முந்தைய தேதிகளுக்கு எதிர்மறை எண் வேண்டும் என்பதை மறந்திருந்தேன்.

பிறந்த தேதிக்கும் தவணைத் தேதிக்கும் நொடி எதற்கு? இப்போது அவற்றை நாள் எண்ணிக்கையாக, குறியுள்ள 32 பிட் எண்ணில் வைக்கிறேன். அதே நான்கு பைட்டில் 58 லட்சம் ஆண்டுகளுக்குமேல் தாங்கும். ரசீது நேரத்துக்கு மட்டும் 64 பிட். எட்டு பிட் சில்லில் 64 பிட் வகுத்தல் மெதுவாக நடக்கும் என்று சண்டைக்கு வருவோர் உண்டு. எனக்கும் தெரியும், ஆனால் ரசீதுக்கு ஒருமுறை நடக்கும் கணக்குதானே அது? 32 பிட் லினக்ஸ் என்றால், 2020-இல் வந்த 5.6 கர்னலும் (லினக்ஸின் மையக்கரு) 2021-இல் வந்த ஜிலிப்சி 2.34-உம் (glibc, நிரல்கள் பயன்படுத்தும் அடிப்படை நூலகம்) நேரத்தை 64 பிட்டில் வைக்க வழி செய்திருக்கின்றன. ஆனாலும் ஏற்கெனவே நான்கு பைட்டில் எழுதிவைத்த கோப்புகளை நீங்கள்தான் மாற்ற வேண்டும். கடிகாரச் சில்லையும் பாருங்கள்: டிஎஸ்1307 (DS1307) என்ற சில்லு ஆண்டை இரண்டு இலக்கத்தில்தான் வைக்கிறது; எந்த நூற்றாண்டு என்று அதற்குத் தெரியாது.

அந்தச் செட்டியார் பிறகு தம் வீட்டுப் பழைய புரோநோட்டு ஒன்றைக் காட்டினார். அதில் 'விளம்பி வருஷம்' என்று மட்டும் இருந்தது. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும் பெயர் என்பதால் 1898-ஆ, 1958-ஆ என்று குழம்பி, ஒட்டியிருந்த ஸ்டாம்பில் அசோகர் சிங்கத்தைக் கண்ட பிறகே 1958 என்று முடிவுசெய்தோம்.