கேள்வி பதில்: பேறுகால ஆய்வும் அந்த வேலைக்கு வருகிறவர்களும்

(இந்த இதழில் பதில் எழுதுபவர், மக்கள்தொகை, மகப்பேறு நலம் ஆகிய துறைகளில் நெடுங்காலம் ஆய்வு செய்து ஓய்வுபெற்ற பேராசிரியை.)

பி.எஸ்சி. நர்சிங் முடித்துப் பிரசவ வார்டில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். ஆய்வுக்கு வர ஆசை. அதெல்லாம் டாக்டர்களுக்குத்தான் என்கிறார்களே?
– வாசகி, பரமக்குடி

அப்படி இல்லை அம்மா. நானே டாக்டர் இல்லை, புள்ளியியல் படித்தவள். மும்பை தேவனாரில் உள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனத்தில்தான் இந்தத் துறையைக் கற்றுக்கொண்டேன். 1956 முதல் இருக்கிற இடம் அது. தேசிய குடும்ப நல ஆய்வை நடத்துகிறவர்களும் அவர்களே. உங்களுக்குத் திருவனந்தபுரம் இன்னும் பொருந்தும் என்று நினைக்கிறேன். அங்கே ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையத்தில் 1997 முதல் எம்.பி.எச். என்ற பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பு நடக்கிறது. சேர்க்கைத் தகுதியை அந்தந்த வருட அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

படிப்பைவிட முக்கியம், உங்களிடம் ஏற்கெனவே இருக்கிற ஆறு வருடம். 2019-21 குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம், தனியாரில் 63.8 சதவீதம். ஒரு நாட்டில் சிசேரியன் 10 சதவீதத்தைத் தாண்டிய பிறகு, அது கூடுவதால் தாய், சேய் மரணம் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொல்லியிருக்கிறது. அப்படியானால் நம் ஊரில் என்ன நடக்கிறது? வலி வந்து எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள், ஆபரேஷன் என்ற பேச்சை முதலில் எடுத்தது யார், கையெழுத்துப் போட்டது கணவரா அப்பாவா, படுத்திருந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? சர்வே படிவத்தில் இதில் பாதிகூட வராது. கட்டில் பக்கத்தில் நின்ற நர்ஸுக்குத் தெரியும். வேலையை விடுவதற்கு முன்பே ஒரு நோட்டுப் போட்டு, உங்களுக்குள் எழுகிற கேள்விகளை எழுதிவையுங்கள். நோயாளிகளின் பெயரோ அடையாளமோ அதில் வரக்கூடாது.

சர்வே வேலைக்குப் போகிறேன். எந்த வீட்டிலும் மருமகளிடம் தனியாகப் பேச முடிவதில்லை. மாமியார் வந்து உட்கார்ந்துவிடுகிறார். என்ன செய்வது?
– வாசகி, திண்டுக்கல்

நல்ல கேள்வி. இந்தத் துறையின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

முதலில், மாமியாரை விரட்டப் பார்க்காதீர்கள். அவருக்கும் சொல்ல ஆயிரம் இருக்கும். இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் மாமியாரிடம் திண்ணையில் அவர் காலத்துப் பிரசவங்களைப் பற்றிக் கேட்கட்டும், உண்மையாகவே குறித்துக்கொள்ளட்டும். மற்றவர் உள்ளே மருமகளிடம் பேசலாம். நடுவில் யாராவது வந்துவிட்டால், தண்ணீர் எங்கே பிடிக்கிறீர்கள், தடுப்பூசி போட்டாயிற்றா என்று பேச்சை மாற்றிவிட வேண்டும். குடும்ப நல ஆய்வில் கணவன் அடிப்பது பற்றிய கேள்விகளை ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம்தான் கேட்பார்கள், அதுவும் தனிமை கிடைத்தால் மட்டும். கிடைக்காவிட்டால் அந்தப் பகுதியையே விட்டுவிடுவார்கள். நாம் கிளம்பிப் போன பிறகு அவள் அதே வீட்டில்தான் இருக்கப்போகிறாள். உங்கள் படிவம் நிறைவதற்காக அவள் அடி வாங்கக்கூடாது.

இன்னொன்று. “எத்தனை குழந்தைகள்?” என்று ஒரே மூச்சில் கேட்காதீர்கள். உயிரோடு இருப்பவர்களை மட்டும்தான் சொல்வார்கள். கூட இருக்கிற பிள்ளைகள் எத்தனை, வேறு ஊரில் இருப்பவர்கள் எத்தனை என்று கேட்டுவிட்டு, அப்புறம் குரலைத் தணித்து, “பிறந்து தவறிப்போன குழந்தை உண்டாம்மா?” என்று கேட்க வேண்டும். இல்லை என்றாலும் அடுத்த கேள்வி உண்டு: பிறந்து அழுது, கொஞ்ச நேரம் மட்டும் இருந்த குழந்தை? இந்த இடத்தில் பல பெண்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். தருமபுரிப் பக்கம் ஓர் அம்மா, பதினைந்து வருடமாக யாரிடமும் சொல்லாத ஒரு பெண் குழந்தையைப் பற்றி என்னிடம் சொன்னார். பேனாவை மூடிவைத்துவிட்டேன். அவர் பேசி முடித்து முகம் கழுவிவிட்டு வந்த பிறகுதான் அடுத்த கேள்விக்குப் போனேன். இந்தியாவில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 35 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்துவிடுகின்றன என்ற அதே ஆய்வின் 2019-21 கணக்கு இப்படிக் கேட்ட பதில்களிலிருந்து வருவதுதான். நீங்கள் அவசரப்பட்டால் அந்தக் குழந்தை கணக்கில் இருக்காது.

இத்தனை ஆய்வுகளால் யாருக்காவது பயன் உண்டா?
– வாசகர், விருத்தாசலம்

உண்டு. தாய்-சேய் நலத் திட்டங்களில் தாய் எங்கே போனாள் என்று 1985-இல் ஆலன் ரோசன்ஃபீல்ட், டெபோரா மெயின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ‘லான்செட்’ மருத்துவ இதழில் கேட்டார்கள். 1994-இல் மெயின், இன்னொரு ஆய்வாளரோடு சேர்ந்து மூன்று தாமதங்களைப் பிரித்துக் காட்டினார்: போகலாம் என்று வீட்டில் முடிவெடுப்பதில், மருத்துவமனை போய்ச் சேருவதில், சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைப்பதில். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு கட்டுக்கு அடங்காமல் போனால் இரண்டு மணி நேரத்தில்கூட உயிர் போய்விடும். அதனால் எந்தத் தாமதம் என்று தெரிந்தாக வேண்டும். தமிழ்நாட்டில் ஒவ்வொரு பேறுகால மரணத்தையும் இப்படி மணிக்கணக்காகத் திரும்பிப் பார்த்து, கலெக்டர் முன்னிலையிலும் விசாரிக்கிறார்கள். அவசரப் பிரசவத்துக்கும் பச்சிளங்குழந்தைக்கும் சிகிச்சை தரும் 24 மணி நேர சீமாங் மையங்களும், 2008-இல் வந்த 108 ஆம்புலன்ஸும் இந்தத் தாமதங்களை நேரடியாகக் குறைப்பவை. 2018-20 கணக்கில் லட்சம் பிரசவத்துக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54. அந்த 54 பேரும் எனக்குப் பெரிய எண்ணிக்கைதான்.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஏன் பெண்களுக்கே நடக்கிறது?
– வாசகி, தஞ்சாவூர்

2019-21 குடும்ப நல ஆய்வின்படி நாட்டில் திருமணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது 0.3 சதவீதம். ஆண்களுக்கான வாசெக்டமி சுலபம், ஆபத்தும் குறைவு. ஆனால் நெருக்கடி நிலையின்போது, 1976-77-இல், 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு, பலருக்குக் கட்டாயமாக, அதைச் செய்தார்கள். அந்தக் கோபத்துக்குப் பிறகு அரசுகள் ஆண்கள் பக்கம் திரும்பத் தயங்கின, பாரம் பெரும்பாலும் பெண்கள் மேல் வந்தது. இன்றைய இளைஞர்களுக்கு அந்தக் காலமே தெரியாது. இருந்தும் யாரும் அவர்களிடம் போய்க் கேட்பதில்லை. ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிறவர்கள் யாராவது இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் கருத்தடை பற்றி பிஎச்.டி. செய்ய விரும்புகிறாள். வரன் பார்க்க வருபவர்களிடம் எப்படிச் சொல்வது? இதில் வருமானம் உண்டா?
– வாசகர், நாமக்கல்

ஐயா, தயங்காமல் அப்படியே சொல்லுங்கள். கருத்தடை என்ற பேச்சைக் கேட்டு முகம் சுளிக்கிற வீடு உங்கள் மகளுக்கு ஏற்ற வீடு இல்லை. அது முதல் நாளே தெரிந்துவிடுவது நல்லது.

வருமானத்துக்கு வருவோம். யுஜிசி நெட் தேர்வில் மக்கள்தொகை ஆய்வியல் தனிப் பாடமாகவே இருக்கிறது. அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், அதோடு வீட்டு வாடகைப் படி. பட்டம் முடிந்ததும் நிரந்தர வேலை கிடைத்துவிடும் என்று சொல்ல மாட்டேன். திட்ட வேலைகள் இரண்டு, மூன்று வருடத்தில் முடிந்துவிடும், அடுத்ததைத் தேட வேண்டியிருக்கும். வழிகாட்டியை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். சேருவதற்கு முன்பு அவரிடம் ஏற்கெனவே படித்த மாணவிகள் இரண்டு பேரிடமாவது அவள் பேசட்டும்.