அம்மாவோடு பார்க்க ஒரு கொரியப் படம்

கேள்வி: கொரியத் தொடர் என்றால் எனக்கு உயிர். வேலை முடிந்து வந்ததும் அம்மாவும் நானும் சேர்ந்துதான் பார்ப்போம். ஆண்கள் இருவர் காதலிக்கும் தொடர்கள் அங்கே வரிசையாக வருகின்றன. பெண்கள் இருவர் என்றால் மட்டும் 'உயிர்த்தோழிகள்' என்று முடித்துவிடுகிறார்கள். லெஸ்பியன் பெண்களே கொரியாவில் இல்லையா? இருந்தால், அம்மாவோடு உட்கார்ந்து பார்க்கும்படி ஒரு படம் சொல்லுங்கள். ஏன் என்று மட்டும் கேட்காதீர்கள்.
– பெயர் வேண்டாம், கோவை

பதில்: கேட்கவில்லை.

இல்லாமல் என்ன? 1436-லேயே இருந்திருக்கிறார்கள், அதுவும் அரண்மனைக்குள். கொரிய எழுத்தை உருவாக்கிய சேஜோங் மன்னரின் மருமகள் பொங், சோசாங் என்ற பணிப்பெண்ணோடு படுக்கையைப் பகிர்ந்தது தெரியவந்து, பட்டத்து இளவரசி என்ற தகுதியை இழந்து வெளியேற்றப்பட்டார். வேடிக்கை இனிமேல்தான். இந்தக் காரணம் அசிங்கமானது, ஆணையில் எழுத வேண்டாம். பொறாமைக்காரி, ஆண் வாரிசு இல்லாதவள் என்று வேறு குற்றங்களைப் போடுங்கள் என்று மன்னர் சொல்லிவிட்டார். ஆணையில் அந்த விஷயம் இல்லை. ஆனால் அரண்மனை வரலாற்றுக் குறிப்பில், 'எழுத வேண்டாம்' என்று மன்னர் சொன்னது உட்பட எல்லாமே இருக்கிறது!

இந்த மறைக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. 2024-ல் வந்த 'ஜொங்ன்யொன்' தொடரைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு மூலமான இணையச் சித்திரக்கதையில் நாயகியின் முதல் ரசிகையாக, பிறகு காதலியாக புயோங் என்ற பெண் வருகிறாள். தொடரில் அவளைக் காணோம். 12 பகுதிகளுக்குள் கதை அடங்க வேண்டுமாம். அடங்காமல் போவது எப்போதும் இந்தப் பாத்திரம்தானா என்று அங்கே வாசகர்கள் கொதித்ததில் நியாயம் இருக்கிறது.

இத்தனைக்கும் அந்தக் கதை நடக்கும் களம் பெண்களே ஆண் வேடமும் கட்டிய இசை நாடகம். 1948-ல் தொடங்கி ஐம்பதுகளில் கொடிகட்டிப் பறந்த கலை அது. ராஜகுமாரன் வேடம் போட்ட நடிகைகளின் பின்னால் இளம்பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சுற்றினார்கள். ஒரு ரசிகை தன் அபிமான நடிகையை மாப்பிள்ளையாக நிறுத்தி, தான் மணப்பெண்ணாக நின்று கல்யாணப் புகைப்படமே எடுத்துக்கொண்டிருக்கிறார். மறந்துபோன அந்த நடிகைகளைத் தேடிப்பிடித்துப் பல ஆண்டுகள் படைப்புகள் செய்தவர் ஜொங் உன்யோங் என்ற கலைஞர். 2019-ல் வெனிஸ் கலைக் கண்காட்சியின் கொரிய அரங்கு வரை அதைக் கொண்டுபோனார்.

தொலைக்காட்சியின் கதை சுருக்கமானது. 2011-ல் மூன்று வெவ்வேறு வயதுகளில் இருக்கும் லெஸ்பியன் பெண்களைக் காட்டிய ஒற்றை நாடகம் ஒளிபரப்பானதும், வந்த எதிர்ப்பில் மறுபடி பார்க்கும் வசதியையே எடுத்துவிட்டார்கள். 2015-ல் பள்ளி மாணவிகள் இருவர் முத்தமிட்ட காட்சிக்காக ஒரு தொடர் எச்சரிக்கை வாங்கியது. 2021-ல் 'மைன்' வந்தபோது பெரும் பணக்காரக் குடும்பத்து மூத்த மருமகளே லெஸ்பியன். ஆக, கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது.

இனி உங்கள் படம். எல்லோரும் சொல்லப்போவது இயக்குநர் பார்க் சான்-ஊக்கின் 'தி ஹேண்ட்மெய்டன்' (2016). ஜொங்ன்யொனாக நடித்த அதே கிம் தே-ரிதான் அதில் பணிப்பெண். பிரமாதமான படம், பெண்கள் இருவரும் ஜெயிக்கும் படம். தனியாகப் பாருங்கள். அம்மா பக்கத்தில் இருந்தால் ரிமோட்டைத் தேடியே உங்களுக்கு வியர்த்துவிடும்.

அம்மாவோடு பார்க்க வேண்டியது 'யூன்ஹிக்கு' (2019). ஆங்கிலத்தில் 'மூன்லிட் விண்டர்' என்று கிடைக்கும். விவாகரத்தான, உணவுக்கூடத்தில் வேலை செய்யும் நடுத்தர வயதுப் பெண் யூன்ஹி. ஜப்பானிலிருந்து அவளுக்கு ஒரு கடிதம் வருகிறது. எழுதியவள் இளமைக்காலத் தோழி ஜுன். எழுதி அனுப்பாமலே வைத்திருந்ததை அவளுடைய அத்தை எடுத்துத் தபாலில் போட்டுவிடுகிறார். இங்கே கடிதத்தைப் பிரித்துப் படித்துவிடுவது யூன்ஹியின் மகள். படித்ததைச் சொல்லாமல், 'அம்மா, பனி பார்க்கப் போகலாமா?' என்று ஜுன் வாழும் ஒதாரு ஊருக்குக் கூட்டிப்போகிறாள். அதாவது, இங்கே ரகசியம் வைத்திருப்பது அம்மா. தெரிந்தும் தெரியாததுபோல் பொறுமையாக இருப்பது மகள். உங்கள் வீட்டு சோபாவில் இதைப் பார்ப்பது சுவாரசியமாகத்தான் இருக்கும். முத்தக் காட்சி கூடக் கிடையாது. இது தோழிகள் கதை என்று யாரும் மழுப்பிவிடக் கூடாது என்றோ என்னவோ, 2021-ல் கொரியாவின் புளூ டிராகன் திரைப்பட விருது மேடையில் இயக்குநர் இம் தே-ஹ்யொங் இது குயர் படம், அதாவது தன்பால் காதல் படம் என்று வாய்விட்டே சொன்னார்.

அம்மாவுக்கு வாசிக்கும் பழக்கம் இருந்தால் கிம் ஹே-ஜினின் 'மகளைப் பற்றி' (2017) நாவலையும் நினைவில் வையுங்கள். காதலியோடு வீட்டுக்கே குடிவந்துவிட்ட மகளை ஏற்க முடியாமல் தவிக்கும் தாய்தான் அதில் கதை சொல்கிறாள். ஆனால் அது இரண்டாவதாக. கொஞ்சம் காரம் அதிகம்.

படம் முடிந்ததும் நீங்கள் எதையும் விளக்க வேண்டாம். அன்றைக்கே வேறு எதையும் பேசியாக வேண்டும் என்றும் இல்லை. அம்மா முதலில் வாய் திறக்கட்டும். 'பாவம், அந்தப் பொண்ணு' என்று சொன்னால், எந்தப் பெண்ணைச் சொல்கிறார் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.