நாலு அடப்டருக்குப் பதில் ஒன்று போதுமா?

ரவுட்டர், ஃபைபர் பெட்டி, கமெரா, ஸ்மார்ட் ஹப் என்று நாலு அடப்டர், வெள்ளவத்தை ஃபிளாட்டில் பிளக் போதவில்லை, ஒரே பவர் சப்ளை போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதும். ஆனால் வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும், அம்பியரைத்தான் கூட்டலாம். ரவுட்டர், ஃபைபர் பெட்டி, கமெரா மூன்றும் 12 வோல்ட்டில் முறையே 1.5, 1, 0.5 அம்பியர் என்றால் மொத்தம் 3 அம்பியர். ஹப்புக்கு 5 வோல்ட் 2 அம்பியர் வேண்டுமென்றால் அது 10 வாட்தான், 12 வோல்ட்டை 5 ஆகக் குறைக்கும் பக் கன்வேர்ட்டர் வைத்தால் 12 வோல்ட் பக்கம் ஏறக்குறைய 1 அம்பியர் இழுக்கும். ஆக மொத்தம் 4 அம்பியர். கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும் என்று நான் 12 வோல்ட் 5 அம்பியர் சப்ளை எடுப்பேன்.

ஒவ்வொரு கிளைக்கும் தனி ஃபியூஸ் கட்டாயம் போடுங்கள், மெல்லிய வயர் ஒன்று ஷோர்ட் ஆனால் முழுக் கரண்டும் அதற்குள்ளேதான் பாயும், உருகிவிடும். அப்புறம், பிளக்கின் நடுமுனை பிளஸ்ஸா என்று மல்டிமீட்டரில் பார்த்த பிறகே சொருகுங்கள்.